கால் மைல் ஓட்டத்தின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்களின் படையெடுப்புகளும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளுமே நம் மாணவர்களின் நினைவிற்கு வருகின்றன. மனிதன் கையால் தொட்டுப் பழகிய கருவிகளுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அவர்களுக்கு எடுத்துரைப்பது குறைவு. ஏரின் வரலாறு உழவனின் வரலாறு; தறியின் வரலாறு நெசவாளனின் வரலாறு. அவ்வாறே, துருப்பிடித்துக் கிடந்த பழைய கார் ஒன்றைச் செப்பனிட்டு, வலுவூட்டி, நேரான பாதையில் கால் மைல் தூரம் விரைந்தோட்டிப் பார்க்கும் பழக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் கையில் காசில்லாத இளைஞர்களின் வரலாறு.

இப்பொருளில் எழுத நான் முற்பட்டதற்குக் காரணம் உண்டு. சிரம்பானை அடுத்த ராசாவில் வாழ்பவன் நான். இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் நெடுநாள் பணியாற்றி வருபவன். என்னிடம் ஒரே வகுப்பில் பயின்ற இருவர் வேகத்தின்மேல் ஒரே அளவு காதல் கொண்டிருந்தனர். ஒருவன் நள்ளிரவில் பொதுச் சாலையில் நண்பர்களோடு பந்தயம் ஓட்டி, இருபது வயது நிறையுமுன் மாண்டான். மற்றவன் பட்டறைத் தொழிலாளியாகி, தன் பாட்டனார் விட்டுச் சென்ற மோரிஸ் மைனர் காரைப் பிரித்துப் போட்டு மீண்டும் கோத்துக் கொண்டிருக்கிறான். வேட்கை ஒன்றே, வழிகள்தாம் இரண்டு. இவ்விரு வழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை இவ்வோட்டத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

வறண்ட ஏரியில் தொடக்கம்

முதலில் இப்போட்டியின் இயல்பை அறிந்து கொள்வோம். டிராக் பந்தயம் எனப்படும் இதில் இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். விளக்கின் சைகை கிடைத்ததும் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, 1,320 அடி, அதாவது ஏறத்தாழ 402 மீட்டர், ஓடி முடிக்கும். வளைவு இல்லை; திருப்பம் இல்லை. சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இதன் பிறப்பிடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை தயாரித்த 'மாடல் டி' கார்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவை. அவை பழையனவாகிச் சில டாலருக்குக் கிடைத்தபோது, புதிய கார் வாங்க வழியற்ற இளைஞர்கள் அவற்றை வாங்கினர். மேற்கூரையையும் மட்காப்புகளையும் கழற்றி எடையைக் குறைத்தனர். 1932 இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட எஞ்சினை எளிய விலைக் காரில் பொருத்தி வெளியிட்டது. 3.6 லிட்டர் கொள்ளளவும் 65 குதிரைத் திறனும் உடைய அந்த எஞ்சின் பழைய வண்டிக் கடைகளுக்கு வந்து சேர்ந்ததும், பழைய உடலில் புதிய இதயத்தைப் பொருத்தும் கலை வளர்ந்தது.

அவர்கள் தம் வண்டிகளைச் சோதித்த இடம் பாலைவனத்தில் நீர் வற்றிக் கிடந்த ஏரிகளின் படுகை. 1937 இல் தென் கலிபோர்னியா மோட்டார் சங்கங்கள் ஒன்றுகூடிப் பொதுக் கூட்டமைப்பை உருவாக்கி, ஓட்டங்களை ஒழுங்கு செய்தன. ஆனால் ஏரிகள் நகரத்திலிருந்து தொலைவில் இருந்தன. போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பலர், படையில் கற்ற எஞ்சின் அறிவோடு, நகரத் தெருக்களிலேயே பந்தயம் ஓட்டத் தலைப்பட்டனர். விபத்துகள் பெருகின. பொதுமக்கள் வெறுத்தனர்; செய்தித்தாள்கள் கண்டித்தன.

நெறி பிறந்த கதை

இங்கேதான் வரலாறு திரும்பியது. இளைஞரின் வேட்கையை அடக்குவதா, அதற்கு இடம் தேடித் தருவதா என்ற வினா எழுந்தபோது, சிலர் இடம் தேடினர். 1950 இல் சான்டா ஆனாவில் விமான நிலைய ஓடுபாதை ஒன்றில், சி. ஜே. ஹார்ட் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் கட்டணம் பெற்று முறையான கால் மைல் ஓட்டங்களை நடத்தத் தொடங்கினர். 1951 இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். பந்தயத்தைத் தெருவிலிருந்து பிரித்துப் பாதுகாப்பான பாதைக்குக் கொண்டு செல்வது அச்சங்கத்தின் நோக்கமாயிற்று. 1955 இல் அதன் முதல் தேசியப் போட்டி கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில், போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்காக அமைக்கப்பட்ட தளத்தில் நடந்தது. அழிவிற்கென்று போடப்பட்ட பாதை இளைஞரின் விளையாட்டிற்குப் பயன்பட்டது.

தொடக்கத்தில் ஒருவர் கொடியசைத்து ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார். மனிதக் கை தவறும், பாரபட்சமும் காட்டும். ஆகவே, 1963 இல் மேலிருந்து கீழாக வரிசையாய் ஒளிரும் விளக்குக் கம்பம் வந்தது. பச்சை விளக்குத் தோன்றுமுன் புறப்படுபவன் தோற்றவனாகிறான். ஓட்ட நேரத்தை ஒளிக்கற்றைகள் அளக்கின்றன.

இதனினும் சிறந்த ஏற்பாடு ஒன்று உண்டு. பொழுதுபோக்காக ஓட்டுபவர்களின் கார்கள் ஒத்த திறனுடையன அல்ல. ஆதலால், ஒவ்வொருவரும் தம் கார் எத்தனை வினாடிகளில் ஓடி முடிக்கும் என்று முன்னதாகவே அறிவிக்கும் முறை ஏற்பட்டது. எடுத்துக்காட்டாக, ஒருவர் 20 வினாடி என்றும் மற்றவர் 15 வினாடி என்றும் அறிவித்தால், முன்னவர் 5 வினாடி முன்னதாகப் புறப்படலாம். எளிய கார் வலிய காரோடு இவ்வாறு நேர்நின்று போட்டியிடுகின்றது. சலுகை பெறுவதற்காகத் தன் காரின் ஆற்றலைக் குறைத்துச் சொன்னவன், சொன்ன நேரத்தினும் விரைந்து ஓடினால் தோற்றுவிடுவான். மிகைப்படுத்திச் சொன்னவன் பின்தங்கித் தோற்பான். தன் வண்டியின் ஆற்றலை உள்ளவாறு அறிந்து, உள்ளவாறு உரைப்பவனுக்கே வெற்றி கிட்டும். வேகத்தின் விளையாட்டாகத் தோன்றுவது உண்மையில் தன்னை அளந்தறியும் விளையாட்டாகும். நள்ளிரவுச் சாலையில் இந்த அளவுகோல் இல்லை; அங்கே அளப்பது மரணம் ஒன்றே.

தமிழகத்தின் பட்டறைகள்

இத்தகைய பொறியார்வம் மேலை நாட்டாருக்கே உரியது என்று கருதுவது பிழை. கோவையின் ஜி. டி. நாயுடு (1893–1974) தம் இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் வந்து மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். ஏட்டுக் கல்வி அதிகம் பெறாத அவர், 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டுத் தொழிலதிபராக வளர்ந்தார்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953 இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதனைப் பந்தயத் திடலாக்கியது. அங்கு புகழ்பெற்றது கால் மைல் ஓட்டம் அன்று. வளைந்து சுற்றும் ஓட்டமே. எனினும், கலிபோர்னியாவில் நிகழ்ந்தது போலவே, கைவிடப்பட்ட ஓடுபாதையும் கைவேலைப்பாடு மிக்க பழைய கார்களும் அங்கே ஒன்று சேர்ந்தன. வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்தில், உள்நாட்டில் கிடைத்த ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற குடும்பக் கார்களையே பட்டறைக்காரர்கள் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. இல்லாமையே அவர்களுக்கு ஆசானாயிற்று.

கோவையைச் சேர்ந்த கரிவரதன் இம்மரபின் சிறந்த பேராளர். 1980களின் பிற்பகுதியில், மாருதி 800 என்ற சிறு குடும்பக் காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை அவர் உருவாக்கினார். செலவு குறைந்ததால் செல்வர் அல்லாதாரும் பந்தயம் பழக வழி பிறந்தது. 1995 இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் வகுத்த கார்களில் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005 இல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

தோட்டத்திற்கு வந்த மோரிஸ் மைனர்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்பவரின் வடிவமைப்பு. உற்பத்தி முடிவதற்குள் 16 இலட்சம் கார்கள் வெளிவந்தன. மலாயாவின் தோட்டப்புறங்களில் பெரிய கிராணியார், மருத்துவ உதவியாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் பெருமையோடு ஓட்டிய கார் இது. லயத்துப் பிள்ளைகள் அதன் பின்னே ஓடிக் களித்த காட்சியை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

என் மாணவனின் பாட்டனார் தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்தவர். அவருக்குத் தமிழ் எழுத்துகள் மட்டுமே தெரியும். ஆயினும், ஆலை எஞ்சினின் ஓசையைத் தொலைவிலிருந்து கேட்டே எந்த உறுப்பு தேய்ந்துள்ளது என்று சொல்லிவிடுவாராம். மேலாளரின் பங்களாக் கார் முதல் பால் ஏற்றும் லாரி வரை அவர் கையால் உயிர்பெற்றவை பல. தோட்டத்து ஆவணங்களில் அவர் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்திருக்கும். பழைய கிராணியார் ஒருவரிடம் அவர் வாங்கி வைத்த காரே இப்போது பேரனின் கையில் இருக்கிறது.

அக்காரைச் சீராக்கும் முறையை நான் பல மாலைகளில் அருகிருந்து கண்டேன். மோரிஸ் மைனருக்குத் தனியாக அடிச்சட்டம் இல்லை. உடலே சுமை தாங்குகின்றது. ஆகவே, கதவடிப் பகுதியிலும் பின் வில்கள் மாட்டப்படும் இடத்திலும் துரு ஏறினால் காரின் முதுகெலும்பே உளுத்ததாகும். அவன் வண்ணம் பூசுவதைக் கடைசி வேலையாக வைத்தான். உளுத்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதையே முதல் வேலையாகக் கொண்டான். மேற்பூச்சில் மயங்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

எஞ்சினிலும் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. 1952 முதல் இக்காருக்கு 803 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டது. 1956 இல் அது 948 ஆகவும், 1962 இல் 1,098 ஆகவும் வளர்ந்தது. அதே குலத்தில் வந்த 1,275 சி.சி. எஞ்சின் 1964 இல் மினி கூப்பர் எஸ் காரில் இடம்பெற்றது. ஒரே குடும்பத்து எஞ்சின்கள் ஆதலால், சில மாறுதல்களோடு மூத்ததன் இடத்தில் இளையதைப் பொருத்த இயலும். 37 குதிரைத் திறனோடு வந்த 948 சி.சி. கார் இவ்வாறு புத்துயிர் பெறுகின்றது.

ஆனால் வலிமை கூடும்போது பழைய உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. விரைந்து புறப்படுகையில் பின் வில்கள் முறுக்கிக் கொண்டு சக்கரங்கள் துள்ளுகின்றன. அதனைத் தடுக்கத் தாங்குகம்பிகள் வேண்டும். பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத்தண்டுகள் முறியக் கூடும், வலியவை வேண்டும். அந்நாளைய டிரம் பிரேக்குகள் அவ்வேகத்தைத் தாங்கா. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும்.

"இது எப்போது ஓடும்?" என்று ஒருநாள் கேட்டேன். "ஓடுவதற்கு அவசரம் இல்லை, ஐயா. முதலில் இதை நிற்க வைக்க வேண்டும்" என்றான் அவன். எஞ்சின் இன்னும் தரையில் கிடந்தது. பிரேக்குகள் மட்டும் முற்றுப் பெற்றிருந்தன. மாண்டுபோன வகுப்புத் தோழனை அவன் மறக்கவில்லை என்பதை அப்போது உணர்ந்தேன்.

முடிவுரை

நம் நாட்டில் 1968 இல் பத்து தீகாவிலும் 1999 இல் சிப்பாங்கிலும் பந்தயத் திடல்கள் எழுந்தன. பின்னது ராசாவிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேரும் தொலைவில் உள்ளது. அங்கு நேர்கோட்டு ஓட்டங்களும் நடைபெற்றுள்ளன. எஞ்சினை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் பெற வேண்டும் என்பதும், பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது குற்றம் என்பதும் இளைஞர் அறிய வேண்டியவை.

நாம் ஆசிரியர்கள் வேகத்தை விரும்பும் மாணவனைக் கண்டால் கண்டிப்பதோடு நின்று விடுகிறோம். நானும் அவ்வாறே நின்றவன்தான். மாண்டவனைப் பலமுறை கண்டித்தேன். ஒருமுறையேனும் பட்டறைக்கு அழைத்துச் சென்றேனில்லை. அவனுக்கு மறுப்பைச் சொன்னேன். மாற்று வழியைக் காட்டவில்லை. கலிபோர்னியாவில் அன்று சிலர் செய்தது இந்த மாற்றுவழியைக் காட்டியதே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகி வருகின்றன. ஆலைகள் மறைந்தன, அவற்றை ஓட வைத்த பிட்டர்களும் மறைந்து வருகின்றனர். அவர்களின் கையறிவை எழுதி வைத்தவர் எவரும் இலர். அந்த முதியவர்களிடம் நம் மாணவர்களை அனுப்பி, அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி வரச் செய்வோமாயின், அதுவே சிறந்த வரலாற்றுப் பாடமாகும். பழைய காரை மீட்கும் கை, அக்காரை ஓட வைத்த மனிதரின் பெயரையும் மறதியினின்று மீட்கட்டும்.