நான்கு வோல்ட்டும் நால்வர் உழைப்பும்

அரியதொரு பொருளைக் கண்டறிந்தவர் யாவர் எனின், ஒருவர் பெயரைச் சொல்லி அமைவது நம்மிடையே வழக்கமாயிற்று. நாம் சட்டைப்பையில் வைத்துத் திரியும் தொலைபேசியின் பாட்டரி அவ்வழக்கம் பிழையென்று காட்டும்.

1976-ல் அமெரிக்காவின் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியைச் சார்ந்த ஸ்டான்லி விட்டிங்ஹாம், லித்தியம் உலோகத்தை எதிர்முனையாகவும், டைட்டானியமும் கந்தகமும் கலந்த பொருளை நேர்முனையாகவும் கொண்ட பாட்டரியை வெளியிட்டார். அதன் விசை ஏறக்குறைய 2.5 வோல்ட். மின்னேற்றுந்தோறும் லித்தியத்தின்மீது ஊசிபோன்ற முளைகள் கிளைத்தமையால் தீ மூளும் அபாயமும் இருந்தது.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இருந்த ஜான் குட்இனஃப், கந்தகத்தை நீக்கிப் பிராணவாயுவைச் சேர்ப்பின் விசை உயருமெனக் கருதினார். பிராணவாயு எலெக்ட்ரான்களைக் கந்தகத்தினும் இறுகப் பற்றுவதே காரணம். கருதியதை மெய்ப்பிக்க உலையருகே நின்றவர் ஜப்பானியரான கோய்ச்சி மிசுஷிமா; உடனுழைத்தோர் பிலிப் ஜோன்ஸ், பிலிப் வைஸ்மன் என்பார். லித்தியம் கார்பனேட்டையும் கோபால்ட்டு கார்பனேட்டையும் கலந்து, ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் காற்றிலே சுட்டனர். விளைந்த பொருளில் கோபால்ட்டும் பிராணவாயுவும் அடுக்கடுக்காய் அமைய, அவற்றின் இடையே லித்தியம் குடிகொண்டது. 1980-ல் அவர்கள் வெளியிட்ட அளவு 4 வோல்ட்!

பாட்டரியை மின்னேறிய நிலையிலேயே செய்யவேண்டும் என்பது அந்நாளைய எண்ணம். இப்பொருளோ லித்தியத்தைத் தன்னகத்தே கொண்டு, மின்னேறாத நிலையிற் பிறந்தது. அதனாலேயே எதிர்முனைக்கு லித்தியம் உலோகம் வேண்டாதாயிற்று. அதன் அருமையைப் பலர் உணர்ந்திலர். சர்வகலாசாலை அதற்குப் பேடண்ட் பெற முன்வரவில்லை. ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையமே பெற்றது. குட்இனஃப் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார்.

ஜப்பானில் அகிரா யோஷினோ 1985-ல் அந்நேர்முனைக்குக் கரியாலான எதிர்முனையைத் துணை சேர்த்தார். 1991-ல் சோனி கம்பெனி அதனைக் கடைத்தெருவிற்குக் கொணர்ந்தது. 2019-ல் விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். அப்போது குட்இனஃபுக்கு வயது 97. மூவரும் தகுதியுடையோரே. ஆயினும் உலையருகே நின்ற மிசுஷிமாவின் பெயர் அவ்வரிசையில் இல்லை.

பெயரே இல்லாதவர் இன்னும் உளர். உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டு மண்ணிலிருந்தே வருகிறது. அங்கே சிறுவரும் அதனைத் தோண்டுகின்றனர். அறிவுக்கு நாடுமில்லை, நிறமுமில்லை என்று பேசுகிறோம்; பேச்சு மெய்யாயின், அதன் பெருமையும் ஊதியமும் உழைத்தோர் அனைவரையும் சென்றடைய வேண்டாமா? பாட்டரியை ஏற்றுந்தோறும் இவ்வினா நம் நெஞ்சில் எழுக.