கல்விக் கடனும் பாடத்துறைகளின் மதிப்பும்: அமெரிக்கச் சட்டங்கள் வழி ஓர் ஆய்வு

ஒரு பாடத்துறையின் மதிப்பு யாது என்னும் வினாவிற்கு இற்றை நாளில் பலரும் கூறும் விடை, அத்துறையிற் பட்டம் பெற்றோர் ஈட்டும் ஊதியமே என்பதாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விடை வெறுங்கருத்தாய் நில்லாது, மாணவர்க்குக் கடன் வழங்கும் சட்டத்தினுள்ளும் புகுந்துவிட்டது. அந்நாட்டு நடுவணரசுக்குக் கல்விக் கடன் செலுத்த வேண்டியோர் நான்கு கோடிக்கு மேற்பட்டவர், தொகையோ 1.6 இலட்சங் கோடி டாலருக்கும் மிகுதி. இத்துணைக் கடன் பட்டோர் தாம் கற்றது பயன்பட்டதோ, வீண்போயிற்றோ என வினவுதல் இயல்பே. ஆயினும், ஊதியமே அளவுகோல் என்னும் கொள்கை அக்கடன் முறையோடு உடன்தோன்றியதன்று. பிற்காலத்தே வந்து சேர்ந்ததாகும். இதனை நிறுவுதலே நம் நோக்கம்.

கடன் முறைக்கு முற்பட்ட உதவிகள் இரண்டை முதற்கண் சுட்டுவோம். 1862இல் லிங்கன் கையொப்பமிட்ட மாரில் சட்டம், கல்லூரிகள் அமைத்தற்பொருட்டு மாநிலங்கட்கு நிலம் வழங்கிற்று. உழவும் தொழிற்கலையும் கற்பித்தல் அதன் தலையாய நோக்கமாயினும், தொன்மொழி இலக்கியக் கல்வியை விலக்கலாகாது என்பதும் அச்சட்டத்திலேயே இடம்பெற்றது. 1944இல் போர்வீரர்க்கென இயற்றப்பட்ட சட்டம், போரினின்று மீண்டு கல்லூரி புகுந்தோர்க்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணம் செலுத்திற்று. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அதனால் கல்லூரிக் கல்வி பெற்றனர். அவர் கற்க வேண்டிய பாடம் இன்னதென்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. அது கொடை, கடனன்று. கொடுத்ததை மீளப் பெறும் எண்ணம் இல்லாதவிடத்து, எப்பாடம் எவ்வளவு ஈட்டும் என்னும் வினாவிற்கும் இடமில்லை.

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அறிவியற் கல்வியிற் பின்தங்கிவிட்டோம் என்னும் அச்சம் அமெரிக்கரைப் பற்றியது. அவ்வச்சத்தின் விளைவே 1958 செப்டம்பர் 2இல் ஐசனோவர் கையொப்பமிட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். அதன் இரண்டாம் பகுதி, மாணவன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 1,000 டாலரும், மொத்தத்தில் 5,000 டாலரும் மிகாமற் கடன் தர வழி செய்தது. வட்டி நூற்றுக்கு மூன்று. கல்வி முடிந்து ஓராண்டு கழித்துத் தொடங்கிப் பத்தாண்டுகளிற் கட்டித் தீர்த்தல் வேண்டும்.

இச்சட்டமும் துறைகளைத் தரம் பிரித்தது என்பதை நாம் மறைத்தற்கில்லை. அறிவியல், கணிதம், பொறியியல், பிறநாட்டு இக்கால மொழிகள் ஆகியவற்றில் திறமுடையோர்க்கும், பள்ளியாசிரியராக விரும்பும் சிறந்த மாணவர்க்கும் கடன் வழங்குவதிற் சிறப்பிடம் தருமாறு அது பணித்தது. ஆயின் பிரித்த அளவுகோல் யாது? மாணவன் நாளை ஈட்டும் ஊதியமன்று. நாடு தனக்கு இன்றியமையாதது எனக் கருதிய தேவை. இவ்வேறுபாடு ஆசிரியர் திறத்தில் தெளிவாகப் புலனாகும். அரசுப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றவர்க்கு ஆண்டொன்றுக்குப் பத்திலொரு பங்காக ஐந்தாண்டுகளிற் கடனிற் பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்கக் கருதிய அரசு, அப்பணியின் சிறு வருவாயைக் குறையாகக் கொண்டு கடனை மறுக்கவில்லை. அதற்கேற்பக் கடன் சுமையைக் குறைத்தது.

தமிழ் பயில்வார்க்கு இச்சட்டத்தோடு நேரிய தொடர்பும் உண்டு. இதன் ஆறாம் பகுதி, பல்கலைக் கழகங்களில் மொழி நிலையங்கள் அமைக்கவும், ஆய்வு மாணவர்க்கு உதவித்தொகை வழங்கவும் பொருள் ஒதுக்கியது. இன்றியமையாத மொழிகள் எனத் தொடக்கத்தில் முதல் வரிசையில் வைக்கப்பட்டவை அரபு, சீனம், இந்துஸ்தானி, சப்பானியம், போர்த்துக்கீசியம், உருசியம் என்னும் ஆறு. தமிழ் அடுத்த வரிசையில், வங்காளம், மராத்தி, தெலுங்கு முதலியவற்றோடு இடம்பெற்றது. குறுந்தொகையின் சுவை கருதியோ, தொல்காப்பியத்தின் தொன்மை கருதியோ எவரும் அதனைச் சேர்க்கவில்லை. வல்லரசுப் போட்டியே காரணம். எனினும் சிகாகோ, பென்சில்வேனியா முதலிய பல்கலைக் கழகங்களின் தென்னாசிய நிலையங்கள் அவ்வுதவியாற் பயன்பெற்றன. அவ்வாண்டுகளிற் சிகாகோவில் பணியாற்றிய ஏ. கே. இராமானுசன், குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலப்படுத்தி 1967இல் நூலாக வெளியிட்டார். பட்டியல் வகுத்தோர் இத்தகைய விளைவினை எதிர்நோக்கியிருப்பர் எனல் ஐயத்திற்குரியது.

1965 நவம்பர் 8இல் இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டத்தோடு நிலைமை மாறலாயிற்று. தாம் பயின்ற டெக்சாசு மாநிலக் கல்லூரியிலேயே சான்சன் அதற்குக் கையொப்பமிட்டார். வங்கிகள் கடன் கொடுக்க, அரசு பிணை நிற்கும் முறை அதனாற் பரவிற்று. பிணை இருந்தமையால் மாணவன் மருத்துவம் கற்பினும் மெய்யியல் கற்பினும் கடன் கொடுப்போர்க்கு ஒன்றே. இதனைச் சமன்மை என்று போற்றுவாரும் உளர். ஆனால் இதன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். கடன் பட்டவன் நொடித்துப் போயினும் முதல் ஐந்தாண்டுகள் கல்விக் கடனினின்று விடுபடல் அரிதென 1976இல் விதி செய்யப்பட்டது. 1990இல் அவ்வைந்து ஏழாயிற்று. 1998இல் கால எல்லையே நீக்கப்பட்டது. 2005இல் தனியார் கடன்களும் இவ்விதிக்குள் வந்தன. பெருந்துன்பம் மெய்ப்பித்தார்க்கன்றி விடுதலை இல்லை. வணிகத்தில் இழந்தவனுக்குச் சட்டம் காட்டும் இரக்கம் கற்றவனுக்கு இல்லாதொழிந்தது. பாடத்தின் வேறுபாட்டைச் சட்டம் நோக்காதுவிடவே, கற்பதன் வருவாயைக் கணக்கிடும் பொறுப்பு முழுதும் மாணவன் தலையில் வீழ்ந்தது. ஊதியத்தால் துறையை அளக்கும் வழக்கம் வலுப்பெற்றது இதனாலேயே என்பது நம் கருத்து.

பின்னர் அரசே அக்கணக்கினை மேற்கொண்டது. 2015இல் கல்லூரிவாரியாகவும், 2019இல் பாடத்துறைவாரியாகவும் பட்டதாரிகளின் வருவாய் விவரங்களை வெளியிட்டது. இதற்கிடையே பொதுப்பணி செய்வோர்க்குப் பத்தாண்டுத் தவணைக்குப் பின் எஞ்சிய கடனைத் தள்ளுபடி செய்யும் 2007ஆம் ஆண்டு விதி, 1958இன் பழங்கருத்திற்கு உயிரூட்டிற்று. ஆயினும் 2025 சூலை 4இல் நிறைவேறிய சட்டம் வேறொரு நெறியை வகுத்தது. இளங்கலைப் படிப்பு ஒன்றை முடித்தோரின் இடைநிலை வருவாய், உயர்நிலைப் பள்ளிக் கல்வியோடு நின்ற இளைஞரின் இடைநிலை வருவாயினும் குறைந்து, மூன்றாண்டுகளில் ஈராண்டு அந்நிலை நீடிப்பின், அப்படிப்பிற்கு நடுவணரசின் கடன் இல்லை. பயனற்ற படிப்பை விற்றுப் பொருள் பறிக்கும் நிலையங்களினின்று மாணவரைக் காத்தற்கு இவ்விதி உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1958இற் குறைந்த ஊதியம் கடனைத் தள்ளுபடி செய்தற்குத் தடையாக நிற்கவில்லை. 2025இல் அதுவே கடனை மறுத்தற்குக் காரணமாயிற்று.

இச்சட்டத்தின் மற்றொரு கூறும் நோக்கத்தக்கது. 2026 சூலை 1 முதல், முதுநிலை மாணவர்க்கு ஆண்டுக்கு 20,500 டாலரும், மொத்தம் ஓரிலட்சமும் கடன் எல்லை. மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்பட்டங்கட்கோ ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டிலட்சம். தொழிற்பட்டம் இன்னது எனத் தெளிதற்கு இச்சட்டம் பழைய விதியொன்றனைச் சுட்டுகின்றது. அவ்விதியின் எடுத்துக்காட்டுப் பட்டியலில் மருந்தியல், பல் மருத்துவம் ஆகியவற்றோடு இறையியலும் காணப்படுகின்றது. ஊதியம் ஒன்றே அளவுகோலாயின் இறையியல் ஆண்டு இடம்பெறுதற்குக் காரணம் காண்டல் அரிது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் என்னும் மூன்றும் உயர்புலங்களாக விளங்கிய மரபின் எச்சமே அஃது எனல் பொருந்தும்.