பொட்டலத்தில் 'கீலேட்டட்' என்று இருந்தால் என்ன பொருள்? எப்போது வாங்கலாம்?

தாம்பரம், படப்பை, மணிமங்கலம், வண்டலூர் பக்கத்து உரக்கடைகளில் ஜிங்க் கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, பையில் வரும் ஜிங்க் சல்பேட். மற்றொன்று, சிறிய பொட்டலத்தில் 'கீலேட்டட்' என்று அச்சிட்ட ஜிங்க். கிலோ கணக்கில் பார்த்தால் இரண்டாவதன் விலை பல மடங்கு. கூடுதல் பணம் அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்பதால், அதன் பொருளைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

'கீலே' என்றால் கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கு. இங்கிலாந்து வேதியியலாளர்கள் மார்கன், ட்ரூ இருவரும் 1920-இல் இந்தப் பெயரை வைத்தார்கள். தமிழ்ப் பாடநூல்களில் 'கொடுக்கிணைப்பு' என்கிறார்கள். நண்டு இரண்டு கொடுக்கால் இரையைக் கவ்வுவது போல, ஒரு கரிமச் சேர்மம் ஓர் உலோக அணுவைப் பல பக்கமும் கவ்விப் பிடிப்பதே கீலேட். உரங்களில் அதிகம் பயன்படும் 'ஈ.டி.டி.ஏ.' என்ற சேர்மத்துக்கு ஆறு பிடிகள் உண்டு: இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். இயற்கையிலும் இது இருக்கிறது. பயிரின் பச்சையத்தில் மக்னீசியத்தை நான்கு நைட்ரஜன் பிடித்திருப்பதும் இதே அமைப்புதான். கரிமச் சேர்மம் என்றதும் இயற்கை விவசாய இடுபொருள் என நினைத்துவிட வேண்டாம், ஈ.டி.டி.ஏ. தொழிற்சாலையில் தயாராவது, மண்ணில் எளிதில் மக்காதது.

பிடித்து வைப்பதால் என்ன லாபம்? ஜிங்க் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்ததும் ஜிங்க் தனியாகப் பிரிந்து நிற்கும். அங்கே பாஸ்பேட் இருந்தால் அதோடு சேர்ந்து, கரையாத ஜிங்க் பாஸ்பேட்டாகப் படிந்துவிடும். சல்பேட்டை டி.ஏ.பி.யுடனோ சூப்பர் பாஸ்பேட்டுடனோ கலக்கக் கூடாது என்பது இதனால்தான். கீலேட்டுக்குள் இருக்கும் ஜிங்க் அப்படி மாட்டாது.

இப்போது கணக்கு. ஏழு நீர் மூலக்கூறு கொண்ட ஜிங்க் சல்பேட்டில் 21 சதவீதம் ஜிங்க், அதாவது கிலோவுக்கு 210 கிராம். ஈ.டி.டி.ஏ. ஜிங்க்கில் 12 சதவீதம், கிலோவுக்கு 120 கிராம். விலையைக் கிலோவால் பார்க்காமல் உள்ளே இருக்கும் ஜிங்க் கிராமால் வகுத்துப் பாருங்கள். வித்தியாசம் இன்னும் கூடும்.

ஏரிப்பாசன நெல்லுக்கு, சொர்ணவாரியோ சம்பாவோ நவரையோ, மண்ணில் போட சல்பேட்டே போதும். ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவலாம். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் இளம் இலையின் அடிநரம்பு வெளுத்து, மற்ற இலைகளில் துருப்புள்ளி வந்து, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றால் ஜிங்க் குறைவாக இருக்கலாம். தண்ணீர் வடியாமல் நிற்கும் வயலில் இது அதிகம். அப்போதும் லிட்டருக்கு 5 கிராம் சல்பேட், 10 கிராம் யூரியா கலந்து தெளித்தால் பயிர் தேறும். இதற்குக் கீலேட் வாங்குவது வீண் செலவு என்பதே எங்கள் கருத்து.

கீலேட்டுக்கு உரிய இடம் வேறு. சொட்டுநீரில் பாஸ்பேட் உரத்துடன் சேர்த்து விடும்போது சல்பேட் படிந்து சொட்டுவானை அடைக்கும், கீலேட் அடைக்காது. 19:19:19 போன்ற கரையும் உரத்துடன் சேர்த்து இலைவழி தெளிக்கவும், மண்ணில்லா வளர்ப்புக்கும் கீலேட் வேண்டும்.

இரும்புக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மண்ணின் கார அமில நிலை 6.5-ஐத் தாண்டினால் ஈ.டி.டி.ஏ. இரும்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணில் அதைக் கொட்டிப் பயனில்லை, இலைவழியே கொடுக்கலாம். அத்தகைய மண்ணில் வேர்வழியாகக் கொடுக்க 'ஈ.டி.டி.எச்.ஏ.' என்று அச்சிட்ட இரும்பு தேவை. ஓர் எழுத்து கூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பொட்டலத்தில் இருப்பது கீலேட்தானா? டி.ஏ.பி.யைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை எடுங்கள். ஜிங்க் கரைசலை அதில் ஊற்றினால் தயிர் போல வெள்ளையாகத் திரிந்தால் உள்ளே இருப்பது சல்பேட். கீலேட் என்றால் திரியாது. ஆனால் ஜிங்க்குக்குப் பதில் மக்னீசியம் சல்பேட்டை அடைத்திருந்தாலும் திரியாது. எனவே திரியவில்லை என்பதே முழுச் சான்று ஆகாது. சந்தேகம் தீர, ரசீதுடன் வட்டார வேளாண் அலுவலரிடம் சொல்லி மாதிரியை உரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். மண்ணில் ஜிங்க் குறைவா என்று அறிய காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

செலவில்லாத கீலேட்டும் வீட்டிலேயே உண்டு. மக்கிய தொழு உரத்தில் உள்ள ஹியூமிக் அமிலமும் உலோகங்களைக் கவ்வும். நுண்ணூட்டக் கலவை ஒரு பங்கு, தொழு உரம் பத்துப் பங்கு கலந்து, புட்டுப் பதத்துக்கு ஈரமாக்கி, நிழலில் ஒரு மாதம் குவித்து வைத்துப் பிறகு வயலில் இடுங்கள். மழை படாத இடமாகப் பார்த்துக் குவிப்பது முக்கியம்.