கைத்தறிப் போர்வையை இனங்காணுதல் (சென்னிமலை)

ஈரோடு மாவட்டம் சென்னிமலை கைத்தறிப் போர்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் பெயர்பெற்ற ஊர். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது இத்தொழிலின் தீராத தொல்லை. கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்வதை 1985ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் தடைசெய்கிறது. படுக்கை விரிப்பும் ஜமுக்காளமும் அதில் அடங்கும். துணி கைத்தறியே என்று காட்டும் கைத்தறி முத்திரை 2006இல் அறிமுகமானது.

முத்திரை இல்லாத துணியில் முதலில் கரையைப் பார்க்க வேண்டும். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கோலை நெசவாளர் அவ்வப்போது நகர்த்திக் குத்துவார். அதனால் இரு ஓரங்களிலும் நுண்துளைகள் விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல் தெரியும். விசைத்தறியில் அந்தத் தடம் ஓரம் நெடுக ஒரே சீராக ஓடும். கைத்தறியில் ஊடையும் (குறுக்கு நூல்) ஒரே சீராக இராது: கை அடிக்கும் அடி ஒன்றுபோல் விழாததால் நெருக்கம் சற்றே ஏறி இறங்கும். ஊடையைக் கொண்டுசெல்லும் நாடா இல்லாத நவீனத் தறி என்றால் சிக்கலே இல்லை. ஊடை நூல் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்பதே காட்டிக்கொடுத்துவிடும். நாடா ஓடும் விசைத்தறியில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம்; கைத்தறியைப் போலவே அதன் கரையும் மடிந்து திரும்பியே இருக்கும். தொட்டுப் பார்த்து மென்மையைக் கொண்டு தீர்மானிப்பது கடைக்காரருக்கே வசதி. கஞ்சியும் சலவையும் அதை எளிதில் மாற்றிவிடும்.