எழுத்தா, சொல்லா? – ஆங்கில வாசிப்புப் போரின் கதை

தமிழில் ப, ட, ம் என்று மூன்று எழுத்துகளை அடுத்தடுத்துச் சொன்னால் 'படம்' என்ற சொல் தானே காதில் விழுந்துவிடுகிறது. நம் எழுத்துகளுக்குப் பெயரும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றே. ஆங்கிலத்தில் அப்படியில்லை. சீ, ஏ, டீ என்று எத்தனை முறை சொன்னாலும் 'கேட்' என்ற பூனை பிறப்பதில்லை. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. அந்த ஒலியும் இடத்துக்கு இடம் மாறும். இந்த இடைவெளியைக் குழந்தை எப்படித் தாண்டுவது என்ற கேள்வியை முன்வைத்து ஆங்கிலம் பேசும் நாடுகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சண்டை நடந்து வந்திருக்கிறது. 'வாசிப்புப் போர்' என்றே அதற்குப் பெயர். இலக்கிய வாசகர்களாகிய நாம் இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இதில் பிழைபட்டவர்களில் பலர் புத்தகங்களை உளமார நேசித்தவர்கள்.

அமெரிக்காவில் 1783இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டல் நூல் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்தது. முதலில் எழுத்து, பிறகு அசை, அதன்பின் சொல் என்பதே அதன் வரிசை. குழந்தைகள் பொருளறியாமல் கோரஸாக ஒப்பிக்கும் இந்தக் காட்சி மாசசூசெட்ஸ் கல்விக் குழுவின் செயலர் ஹொரேஸ் மன்னுக்குப் பிடிக்கவில்லை. 1843இல் ஐரோப்பியப் பயணம் சென்று பிரஷ்யப் பள்ளிகளைக் கண்டு வந்த அவர், உயிரற்ற எழுத்துகளிலிருந்து தொடங்காமல் பொருளுள்ள முழுச்சொல்லிலிருந்து தொடங்கவேண்டும் என்று வாதிட்டார். 1844இல் பாஸ்டன் நகரின் 31 ஆசிரியர்கள் கூடி அவருக்கு நூலளவில் மறுப்பெழுதினார்கள். எழுத்தொலியைத் தவிர்ப்பது குழந்தைக்குச் சுமையைக் குறைப்பதாகாது, பின்னால் தள்ளிப்போடுவதே என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

அடுத்த நூற்றாண்டில் மன்னின் பக்கமே வென்றது. 1886இல் ஜேம்ஸ் கேட்டெல் நடத்திய சோதனைகள், பழகிய வாசகர்கள் ஒரு முழுச்சொல்லை ஒற்றை எழுத்தைப் போலவே விரைவாகக் கண்டுகொள்வதைக் காட்டின. உண்மைதான். ஆனால் பயணத்தின் முடிவில் இருப்பவர் செய்வதை, தொடக்கத்தில் நிற்கும் குழந்தையும் செய்யட்டும் என்று கல்வியாளர்கள் முடிவுகட்டியதில்தான் இடறல் நேர்ந்தது. 1930களில் பரவிய 'டிக் அண்ட் ஜேன்' பாடநூல்கள் சில சொற்களையே திரும்பத் திரும்பக் காட்டி, அவற்றின் வடிவத்தை மனத்தில் பதியவைக்க முயன்றன.

1954இல் நாவலாசிரியர் ஜான் ஹெர்ஸி 'லைஃப்' இதழில் இந்தப் பாடநூல்களின் சலிப்பைச் சாடினார். 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் 'ஜானியால் ஏன் வாசிக்க முடியவில்லை' என்ற பொருள்படும் நூலை எழுதி, ஒலிமுறையைக் கைவிட்டதே குற்றம் என்றார். 1957இல் டாக்டர் ஸ்யூஸ் 236 சொற்களை மட்டுமே கொண்டு 'தி கேட் இன் த ஹேட்' நூலைப் படைத்தது இந்தச் சூழலில்தான்.

1967இல் ஜீன் சால் அதுவரையிலான ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, தொடக்கநிலையில் எழுத்தொலியை முறையாகக் கற்பிப்பதே கூடுதல் பயன் தருகிறது என்று எழுதினார். அதே ஆண்டில் கென்னத் குட்மன், வாசிப்பு என்பது ஒருவகை ஊக விளையாட்டு என்றார். சூழலையும் படத்தையும் கொண்டு குழந்தை சொல்லை ஊகிக்கலாம் என்பது வகுப்பறைகளில் கொள்கையாயிற்று. நல்ல இலக்கியத்தைக் கையில் கொடுங்கள், வாசிப்பு தானே மலரும் என்ற நம்பிக்கை பரவியது. 1987இல் கலிபோர்னியா அதையே பாடத்திட்டமாக்கியது. 1994இன் தேசியத் தேர்வில் அம்மாநிலம் கடைசி வரிசையில் நின்றது. நிதிக்குறைவு, நெரிசலான வகுப்புகள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அம்மாநிலம் எழுத்தொலிக்குத் திரும்பியது.

ஊகம் ஏன் கைவிடுகிறது? 'ஹவுஸ்', 'ஹார்ஸ்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வேறுபாடு ஒரே எழுத்து. பக்கத்தில் குதிரைப் படம் இருக்கும்வரை குழந்தை பிழைத்துக்கொள்ளும். எட்டு, ஒன்பது வயதில் படங்கள் மறைந்து, அறியாத சொற்கள் பெருகும்போது பிடிமானம் அற்றுப்போகிறது. அப்போது அக்குழந்தைக்கு 'மந்தம்' என்ற பெயர் கிடைக்கிறது. வசதியுள்ள வீட்டில் தனி ஆசிரியர் வருவார். இல்லாத வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிடும்.

இத்தகைய குழந்தைகளைப் பற்றி 1925இலேயே மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் எழுதியிருக்கிறார். அவருடன் பணியாற்றிய ஆனா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் ஆகியோர் 1930களில் வகுத்த முறை, ஒவ்வோர் ஒலியையும் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, வாயால் சொல்லி, கையால் எழுதிப் படிப்படியாகப் பழகுவது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதியதை உரக்கச் சொன்னது நினைவுக்கு வருகிறது. சென்னை எழும்பூரில் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அந்த மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தி, 1797இல் லண்டனில் அச்சிட்ட நூலில் அதை விவரித்தார்.

2000இல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவும், 2006இல் இங்கிலாந்தின் ரோஸ் அறிக்கையும் முறையான ஒலிக்கல்வியை ஆதரித்தன. 2012 முதல் இங்கிலாந்தில் ஆறு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு 40 சொற்கள் கொண்ட தேர்வு நடக்கிறது. அவற்றில் பாதி பொருளற்ற பொய்ச்சொற்கள். ஊகிக்க இடந்தராமல் இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு. குழந்தைக் கவிஞர் மைக்கேல் ரோசன் போன்றோர் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். பொருளைத் துறந்த வாசிப்பு வாசிப்பா என்ற கேள்வியைப் புறந்தள்ள முடியாது.

1986இல் கஃப், டன்மர் இருவரும் சொன்ன கணக்கு இங்கே உதவும். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு என்றார்கள் அவர்கள். பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று சுழியானாலும் விடை சுழிதான். பொருளற்ற ஒப்பித்தலை வெறுத்த மன்னின் கவலையும், பாஸ்டன் ஆசிரியர்களின் பிடிவாதமும் இந்தப் பெருக்கலின் இரு பக்கங்கள்.

எவரும் சொல்லித்தராமலே வாசிக்கத் தொடங்கிய குழந்தைகள் உண்டு. எழுத்தாளர்களில் அத்தகையோர் அதிகம் போலும். அவர்களை அளவுகோலாக வைத்துத் திட்டம் வகுத்ததன் விலையை வேறு குழந்தைகள் கொடுத்தார்கள். புத்தகத்தின் மீது ஆசை மூட்டுவது நம் வேலை என்றால், அதைத் திறந்து முதல் வரியைத் தானே படிக்க ஒரு பிள்ளைக்கு முடிகிறதா என்று பார்ப்பதும் நம் வேலையே.