விக்டோரியா பொது மண்டபமும் நாடகக் கலையின் மதிப்பும்

சென்னைப் பட்டணத்தில் சென்டிரல் ரயில் நிலையத்தின் அருகே செந்நிறச் சுவர்களுடன் விளங்கும் விக்டோரியா பொது மண்டபத்தை அறியாதார் நம்முள் சிலரே. 1883-ஆம் வருஷத்தில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அவர்கள் இதற்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். சிஷம் துரை வகுத்த வண்ணம் நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார்.

நிற்க. அக்காலத்தில் நடிகரைக் கூத்தாடிகளென்று இகழ்வது வழக்கமாயிருந்தது. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் அவர்கள் நண்பர்களுடன் சுகுண விலாச சபையை ஸ்தாபித்தார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஊதியங் கருதாது வேஷம் பூண்டு இம்மண்டபத்தில் நடித்தனர். ஸ்திரீ வேஷமும் ஆடவரே தரித்தனர். கற்றோர் மேடையேறவே அவ்விகழ்ச்சி மெல்ல நீங்கலாயிற்று. 1959-ல் முதலியாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஆயினும், கூத்தையே ஜீவனமாகக் கொண்ட ஏழை நடிகர்க்கு அம்மதிப்பு முழுதும் எட்டிற்றில்லை.

பின்னாளில் இம்மண்டபம் பராமரிப்பின்றிப் பல்லாண்டு பூட்டிக் கிடந்தது. ஆட்டமும் பாட்டும் ஒழிந்தால் கட்டடமும் தளரும் என்பதற்கு இதுவே சான்று.

அன்பர்களே! நம்மவர் ஊர்தோறும் எழுப்பிய மண்டபங்கள் பெரும்பாலும் விவாகத்திற்கே திறக்கப்படுகின்றன. வருஷத்திற் சில தினங்களேனும் அவற்றை வாடகையின்றிக் கூத்தர்க்கும் நடிகர்க்கும் அளித்து, நம் குழந்தைகளை முன்வரிசையில் அமர்த்துவோமாக. முன்னோர் வைத்த பாக்கி அதனாற் சிறிது தீரும்.