கணக்குக் கேளாத பாடகர்

இறைவனைப் பாடும் பாட்டுக்கு விலை வைக்கலாமா என்னும் வினா மிகப் பழையது. பாடுகின்றவனுக்கும் பசி உண்டு. அவனுக்கும் உணவும் உறையுளும் வேண்டும். ஆகவே, அவனுக்குப் பொருள் கொடுப்பது நேர்மையே. ஆனால், பாட்டினால் வரும் பொருள் பெருகப் பெருக, அவன் பாடுவது இறைவனுக்காகவா, பொருளுக்காகவா என்னும் ஐயம் கேட்போர் உள்ளத்தில் மட்டுமன்றிப் பாடுவோன் உள்ளத்திலும் எழுவது இயல்பு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இந்த வினா முன்னெப்போதும் இல்லாத அளவிற் பெரிதாயிற்று. அதற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்க முயன்றவர் றிச் மலின்ஸ் என்னும் பாடகர்.

அவர் வாழ்ந்த சூழ்நிலையை முதலில் அறிதல் வேண்டும். 1960 ஆம் ஆண்டுகளின் இறுதியிலே, கலிபோர்னியா மாநிலத்தில் இளைஞர் பலர் பழைய தேவாலயங்களின் ஒழுங்குகளுக்குப் புறத்தே நின்று கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். 'இயேசு இயக்கம்' எனப் பெயர் பெற்ற அந்த எழுச்சியில், கிற்றாரும் முரசும் முழங்கும் புதிய இசை வழிபாட்டோடு இணைந்தது. லாரி நோர்மன் என்பவர் 1969 இல் வெளியிட்ட இசைத்தட்டு இவ்வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. இதனைப் பாவம் என்று வெறுத்தொதுக்கிய குருமார் பலர் இருந்தனர். ஆயினும், பத்து ஆண்டுகள் கழிவதற்குள் இந்த இசை ஒரு வாணிகமாக வளர்ந்துவிட்டது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம் நாட்டுப்புற இசைத்தட்டுகளுக்குத் தலைநகராக ஏற்கெனவே விளங்கியது. 'தற்காலக் கிறிஸ்தவ இசை' எனப் பெயரிடப்பட்ட புதிய தொழிலுக்கும் அதுவே தலைநகராயிற்று. அதற்கெனத் தனி வானொலி நிலையங்களும், இதழ்களும், விருதுகளும் தோன்றின.

மலின்ஸ் 1955 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21 ஆம் நாள், இந்தியானா மாநிலத்தில் றிச்மண்ட் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் மரக்கன்றுகளை வளர்த்து விற்கும் பண்ணையாளர். தாயார், ஆடம்பரமற்ற வாழ்வைப் போற்றும் குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்தவர். நிலத்தோடு உழைக்கும் அந்தக் குடும்பத்தில், பையன் மண்வெட்டியிலும் பார்க்கப் பியானோவையே நாடினான். அவனுடைய பூட்டியார் பழைய ஞானப்பாட்டுக்களை அவனுக்கு வாசிக்கப் பழக்கினார்.

பின்பு அவனுக்கு வாய்த்த இசையாசிரியை ஒருவரைப் பற்றி ஒரு செய்தி கூறப்படுவதுண்டு. தேவாலயத்தில் அவன் வாசித்த பின், எப்படி நடந்தது என்று அவர் வினவினாராம். எல்லாரும் வந்து தன்னைப் புகழ்ந்தனர் என்று பையன் பெருமையோடு விடையிறுத்தான். அப்படியானால் நீ தவறிவிட்டாய், உன்னை மறந்து இறைவனை அவர்கள் நினைத்திருக்க வேண்டும் என்று ஆசிரியை கூறினார். அந்தச் சொல் அவருடைய வாழ்நாள் முழுவதையும் பின்தொடர்ந்தது எனலாம்.

1974 ஆம் ஆண்டில் அவர் சின்சினாற்றி நகரிலுள்ள விவிலியக் கல்லூரியிற் சேர்ந்தார். செலவுக்காக வண்டித் தரிப்பிடம் ஒன்றில் வேலை செய்தார். தேவாலயம் ஒன்றில் இளைஞர்க்கு இசை பயிற்றினார். நண்பர்களோடு சேர்ந்து 'சீயோன்' என்னும் பெயரில் ஓர் இசைக்குழுவையும் அமைத்தார். அக்குழு பாடிய பாட்டொன்று நாஷ்வில் நகரத்தாரின் செவிக்கு எட்டியது. எமி கிறாண்ட் என்னும் இளம் பாடகி 1982 இல் அதனைத் தம் இசைத்தட்டிலே பாடினார். அந்த இசைத்தட்டு பின்னர் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விலைபோயிற்று. பாட்டை இயற்றியவரின் பெயரும் அதனோடு பரவிற்று.

நாஷ்வில் அவரை அழைத்தது. அவரும் சென்றார். 1986 இல் அவருடைய முதலாவது தனி இசைத்தட்டு வெளிவந்தது. அடுத்தடுத்து வந்தவற்றுள், 1988 இல் வெளிவந்த மூன்றாவது தொகுதியில் 'ஓசம் கோட்' என்னும் பாட்டு இடம்பெற்றது. கொலராடோ மாநிலத்தில் நடைபெறவிருந்த இளைஞர் மாநாடொன்றுக்கு இரவிலே தனியாக வண்டியோட்டிச் சென்றபோது, தூக்கத்தை விரட்டுவதற்காகத் தென்மாநிலப் போதகர்களின் முழக்கத்தைப் பின்பற்றிச் சத்தமிட்டவாறே அதனை அவர் புனைந்தார் என்பர். நாடெங்குமுள்ள தேவாலயங்களில் மக்கள் அதனை எழுந்து நின்று பாடினர். இயற்றியவரோ, தாம் எழுதியவற்றுள் கட்டுக்கோப்பிற் குறைந்த பாட்டுக்களுள் அதுவும் ஒன்று என்று பின்னொரு நாள் நேர்முகமொன்றில் வெளிப்படையாகவே கூறினார்.

பாட்டு எவ்வாறு பணமாகின்றது என்பதை ஈண்டு விளக்குதல் தகும். இசைத்தட்டு ஒன்று விற்கப்படும்போதும், பாட்டு வானொலியிலே ஒலிபரப்பப்படும்போதும், இயற்றியவருக்கும் வெளியீட்டாளருக்கும் சிறு தொகையொன்று உரிமைப்பணமாகச் சேரும். சபையோர் பாடுவதற்காகப் பாட்டுக்களைப் படியெடுக்கும் தேவாலயங்கள் உரிமக் கட்டணம் செலுத்தும் முறையும் 1988 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஏற்பட்டது. ஆகவே, ஒரு பாட்டு ஆயிரக்கணக்கான சபைகளிற் பாடப்படுமாயின், பாவலன் உறங்கும்போதும் அவன் பெட்டி நிறையும். துதிப்பாட்டைத் தொழிலாகக் கொண்டவன் செல்வனாவதற்கு அவன் வஞ்சகனாக இருக்க வேண்டியதில்லை. நல்ல பாட்டொன்றை எழுதினாலே போதும்.

இந்த இடர்ப்பாட்டுக்கு மலின்ஸ் கண்ட வழி எளியது. தம் இசைத்தட்டுகளாலும் பயணங்களாலும் வரும் வருவாய் முழுவதையும் தாம் சார்ந்த தேவாலயத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார். அமெரிக்கத் தொழிலாளி ஒருவன் அவ்வாண்டிலே பெறும் சராசரிச் சம்பளம் எவ்வளவோ, அவ்வளவே அவருக்கு அளிக்கப்பட்டது. எஞ்சியது முழுவதும் அறச்செயல்களுக்குச் சென்றது. எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைத் தமக்குச் சொல்லவேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். தொகையை அறிந்தால் அதனைக் கொடுப்பது கடினமாகிவிடும் என்பதே அவர் கருத்து.

இம்முறையிற் குறை காண்போரும் இருக்கலாம். கணக்கறியாமல் இருப்பது பொறுப்பைப் பிறர்மேற் சுமத்துவதாகாதா எனக் கேட்கலாம். அமெரிக்கத் தொழிலாளியின் சராசரிச் சம்பளம் உலகின் பெரும்பாலான ஏழைகளுக்கு எட்டாத செல்வம் அன்றோ எனவும் கேட்கலாம். இவ்வினாக்கள் நேர்மையானவை. மேலும், மலின்ஸ் இசை வாணிகத்தை விட்டு அறவே விலகவுமில்லை. தொடர்ந்து இசைத்தட்டுகளை வெளியிட்டார், மேடையேறினார். ஆனால், தம்மைத் துறவி என்று அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. தாம் ஆசைக்கு எளிதில் அடிமையாகக்கூடியவர் என்பதை அறிந்தவர் தமக்குத் தாமே இட்ட வேலியாகவே இவ்வேற்பாட்டைக் கொள்ளல் வேண்டும்.

தம் குறைகளை அவர் மறைத்ததில்லை. கந்தைக் காற்சட்டையோடும் வெறுங்காலோடும் மேடையில் தோன்றி, தம் தனிமையையும் சபலத்தையும் குறித்துக் கூட்டத்தார் முன்னிலையிலே பேசுவார். பிரான்சிஸ்கன் துறவியாயிருந்து, குடிப்பழக்கத்தோடு போராடிய பிறெனன் மானிங் என்பவர் 1990 இல் எழுதிய நூலொன்று அவருடைய உள்ளத்தைத் தொட்டது. கந்தையணிந்தோர்க்கே இறையருள் உரியது என்பது அந்நூலின் சாரம். அதனை ஒட்டியே தம் இசைக்குழுவுக்கு 'றகமஃபின்', அதாவது கந்தையர், என்று பெயரிட்டார். 1993 இல் அக்குழுவோடு அவர் வெளியிட்ட தொகுதி அவருடைய படைப்புக்களுள் தலைசிறந்தது எனப் பலராலும் மதிக்கப்படுகின்றது. கிறிஸ்தவரின் தொன்மையான விசுவாச அறிக்கையை அதில் அவர் பாட்டாக்கினார். சிறு கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் டல்சிமர் என்னும் பழைய கருவியின் ஒலி அதில் இனிமையாகக் கேட்கின்றது.

இதற்கு முன்னரே, 1980 ஆம் ஆண்டுகளின் இறுதியில், அவர் நாஷ்வில் நகரைவிட்டுக் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரிற் குடியேறியிருந்தார். புகழ் பெற்ற பாடகர், அங்கே குவேக்கர் நிறுவிய பல்கலைக்கழகமொன்றில் மாணவராக அமர்ந்து, 1995 இல் இசைக்கல்வியிற் பட்டம் பெற்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க வேண்டும் என்பதே அப்படிப்பின் நோக்கம்.

பட்டம் பெற்றதும் அவர் சென்ற இடம், நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் சே பொனிற்றோ என்னும் சிற்றூர். அது நவஹோ மக்களின் நிலப்பகுதியைச் சார்ந்தது. 1864 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் அம்மக்களைத் தாயகத்தினின்றும் பெயர்த்து, முந்நூறு மைலுக்கு அப்பால் நடத்திச் சென்றனர். 1868 இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பின்னரே அவர்கள் திரும்பி வந்தனர். பிற்காலத்தில் அவர்களுடைய பிள்ளைகளின் தாய்மொழியை மறக்கச் செய்த விடுதிப் பள்ளிகளுள் மிசனரிமார் நடத்தியவையும் இருந்தன. இத்தகைய மக்களிடையே, மதம் மாற்ற வந்தவராக மலின்ஸ் செல்லவில்லை. வசதி படைத்த வெள்ளையரின் சமய நோக்கிலே தமக்குச் சலிப்பு ஏற்பட்டதென்றும், நவஹோ மக்களிடையே கிறிஸ்துவைத் தாம் காணக்கூடும் என்றும் அவர் கூறினார். 'ஹோகன்' எனப்படும் அம்மக்களின் மரபுவழிச் சிறு குடிலொன்றில் வாழ்ந்து, சிறுவர்க்கு இசை பயிற்றினார்.

அவருக்கு வழிகாட்டியாக விளங்கியவர், துணி வணிகரின் மகனாகப் பிறந்து வறுமையை மணந்துகொண்ட புனித பிரான்சிஸ் அசிசியார். அப்புனிதரின் வரலாற்றை அமெரிக்க மேற்குச் சமவெளியில் நிகழ்வதாக மாற்றி, நண்பர்களோடு சேர்ந்து இசை நாடகமொன்றை அவர் இயற்றினார். அதன் இசைத்தட்டு 1997 இல் வெளிவந்தது.

அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் 19 ஆம் நாள் இரவு, விச்சிற்றா நகரில் நடைபெறவிருந்த உதவி நிதிக் கச்சேரியொன்றுக்காக, இலினோய் மாநிலத்தின் நெடுஞ்சாலை வழியே அவர் சென்றுகொண்டிருந்தார். ஜீப் வண்டி நிலைதவறிப் புரண்டது. இருக்கைப் பட்டி அணியாதிருந்த அவரும் உடன் சென்ற இளம் பாடகரும் வெளியே வீசப்பட்டனர். பின்னால் வந்த பாரவண்டி கவிழ்ந்த ஜீப்பை விலக்க முயன்று, மலின்ஸ் மீது மோதியது. அவர் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். நண்பர் கடுங்காயத்தோடு பிழைத்தார். மலின்ஸ் இறந்தபோது அவருக்கு வயது 41. அவர் மணஞ்செய்துகொள்ளவில்லை.

இறப்பதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், கைவிடப்பட்ட பழைய தேவாலயமொன்றில், சிறிய ஒலிப்பதிவுக் கருவியொன்றை வைத்துக்கொண்டு, இயேசுவின் வாழ்வைக் குறித்த ஒன்பது புதிய பாட்டுக்களை அவர் பாடிப் பதிந்திருந்தார். அடுத்து வெளியிடவிருந்த தொகுதிக்கான முன்மாதிரியே அது. 1998 இல் நண்பர்கள் அப்பாட்டுக்களை முழு இசையோடு பாடி வெளியிட்டபோது, அந்தக் கரகரத்த மூலப்பதிவையும் உடன் சேர்த்தனர். அதிலே மெருகு இல்லை. வெற்றுச் சுவர்களிற் பட்டுத் திரும்பும் ஒரு மனிதக் குரலும் ஓர் இசைக்கருவியும் மட்டுமே உள்ளன.

அவ்வாண்டிலே தற்காலக் கிறிஸ்தவ இசைத் துறையினர் தம் தலைசிறந்த கலைஞர் விருதை மறைந்த அவருக்கு வழங்கினர். அவருடைய பாட்டுக்களோ பெரும்பாலும் இயற்றியவரின் பெயர் அறியாத மக்களாலேயே தேவாலயங்களிற் பாடப்பட்டு வருகின்றன. றிச்மண்ட் நகரத்துச் சிறுவனிடம் இசையாசிரியை எதிர்பார்த்தது அதுவே.